தொடாக்காடு

சோளம் போட்டது போட்டபடி கிடந்தது.

மூன்று கால் ஊன்றி நின்ற தகர டிரம்மின் அடியில் சின்ன மோட்டார் காலையும் மாலையும் தவறாமல் சுழன்று மானுக்காக மக்காச்சோளத்தை வாரியிறைக்க, வட்டமாக ஒரு மஞ்சள் விரிப்பு விழுந்திருந்தது. அடியில் கிடந்தது மழையில் ஊறி, முளைவிட்டு, புளித்துக் கள் வாடை அடித்தது. மான் தின்னவில்லை, அது போகட்டும். ரக்கூன் தின்னவில்லை. அணில் தின்னவில்லை. ஊரான் வயலையெல்லாம் தன் பாட்டன் சொத்தாக நினைக்கிற காக்கைகூட ஒன்று இறங்கவில்லை. டுவைட் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு உதறினான். ஈர மண்ணில் குளம்புத் தடம் ஒன்று கிடையாது, அவன் பூட்ஸ் தடம் மட்டுமே இருந்தது.

"எல்லாம் அவன்கிட்ட போயிடுச்சு" என்றான், கேட்க ஆளில்லாமல்.

அவன் என்றால் கால்வின். கூடப் பிறந்த தம்பி. அப்பா கண்ணை மூடியபோது ஒஹையோ குன்றுகளுக்கு நடுவே இருந்த நிலத்தை இரண்டாக்கினார்கள். வீடும் ஓடையும் சமவெளி வயலும் மூத்தவனுக்கு. கல்லும் முள்ளுமான சரிவு இளையவனுக்கு. அப்போது டுவைட் தம்பிக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டான். அந்த ஒரு வாரம்தான் அவன் வருத்தப்பட்டது. பிறகு கால்வின் சரிவில் சுண்ணாம்பு தூவி க்ளோவர் புல் விதைத்தான், டர்னிப் போட்டான், ஓரமாக ஆப்பிள் கன்று நட்டான். மரங்களைப் பாதி மட்டும் அறுத்து, முறியாமல் சாய்த்துவிட்டான். சாய்ந்த மரம் சாகாது, படுத்தபடியே துளிர் விடும், மானுக்கு மறைவும் ஆச்சு தீனியும் ஆச்சு. நடுவில் பத்து ஏக்கரை மட்டும் ஒன்றும் செய்யாமல் விட்டான். தொடாக்காடு என்று அதற்குப் பெயர். ஆறு வருஷமாக அதற்குள் மனிதக் கால் படவில்லை. அம்பு பட்ட மான் அதற்குள் ஓடினால்கூட அவன் தொடர்ந்து போக மாட்டான்.

இப்போது அந்த மாவட்டத்து மான் முழுக்கக் கால்வின் சரிவில் இருந்தது. டுவைட்டுக்கு வந்தது பங்காளிக் காய்ச்சல், வேறொன்றுமில்லை. அதை அவனே அறிவான். அறிந்து என்ன பயன், காய்ச்சல் இறங்கவில்லையே.

தீவனக் கடை ஆர்லோ வேறு புண்ணில் உப்பு தடவினான். "இன்னும் ரெண்டு மூட்டை சோளமா? டுவைட்டு, பேசாம உன் தம்பி வயல்ல ஒரு ஓரமாப் போய் நில்லு. மான் வந்து உனக்கே சோறு ஊட்டும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டுவைட்டும் சிரித்தான். லாரியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான்.

ஆனால் அவன் வயிற்றில் தீயை வைத்தது ஒரே ஒரு மான். கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு, அங்கி போட்டது போல நிமிர்ந்து நடக்கும் கிழட்டுக் கொம்பன். டுவைட்தான் அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்தான். அவன் ஓடையில் தண்ணீர் குடித்து, அவன் சோளத்தைத் தின்று, அவன் மரத்தில் கட்டிவைத்த காமிராவின் கண்ணில் நான்கு வருஷம் வளர்ந்த மான் அது. போன குளிர்காலத்தில் வேலி தாண்டியது. திரும்பி வரவில்லை. தம்பி அதை வீழ்த்தி, கொம்போடு தலையைச் சுவரில் மாட்டினால், இவன் ஆயுசுக்கும் தம்பி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு முன் தானே அதை எடுத்துவிட வேண்டும். இந்த வருஷம் அவனுக்கு வேறு ஆசை இல்லை.

செப்டம்பரில் ஒருநாள் வேலியோரம் தம்பியைப் பார்த்தான். கால்வின் முழங்கால் மண்ணோடு நின்றிருந்தான்.

"ஏன்டா, மானுக்கு வெவசாயம் பண்றியே, அதுங்ககிட்ட குத்தகை ஏதும் வாங்குறியா?"

"சோளம் கொட்டுனா ராத்திரி வந்து தின்னுட்டு ஓடிடும்ண்ணே. உன்னை நம்பாது. இருக்கறதுக்கு எடம் பண்ணிக் குடுத்துப் பாரு, பட்டப்பகல்ல கால நீட்டிப் படுத்துக்கும். நீ கூப்பிடவே வேணாம், வர்றது தானா வரும்."

"அந்த நடுக்காட்டுல என்னடா ஒளிச்சு வெச்சிருக்க? பொண்டாட்டியா?"

கால்வின் இந்தத் தடவை சிரிக்கவில்லை. காட்டுப் பக்கம் பார்த்தான். "உள்ள மரம் சாயுதுண்ணே. காத்தே இல்லாதப்ப."

"மரம்னா விழத்தான் செய்யும்."

"விழல. விழுந்தா முறியற சத்தம் கேக்கணுமில்ல? மெதுவா... யாரோ கைய வெச்சுச் சாய்க்கிற மாதிரி. நான் சாய்ப்பேனே, அப்படி."

"அப்ப போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"அது அதுங்களோட எடம்ண்ணே. நானே போறதில்ல. நீயும் போயிடாத."

வேட்டைக்காரன் தன் இடத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும் என்பது அங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பாதிரியார் உள்ளே படுத்திருக்கிறார், அதற்காக எனக்குப் பூச்சாண்டி காட்டுகிறான் என்று டுவைட் முடிவு கட்டினான்.

நவம்பர் வந்தது. கொம்பன்கள் பெட்டை தேடி அலையும் மாதம். அந்த மாதத்தில் அந்தப் பக்கத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒருவன் போனை எடுக்கவில்லையென்றால் அவன் மரத்து மேல் வேட்டைப் பரணில் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

டுவைட்டின் பரண் எல்லை வேலியோரம் ஒரு மொட்டை ஆஷ் மரத்தில், ஏணிக்கு மேலே இருந்தது. எதிரே வேலி, வேலிக்கு அப்பால் தம்பியின் க்ளோவர் வயல், வயலின் அந்தக் கோடியில் தொடாக்காட்டை ஒட்டிக் கால்வினின் பரண். மாலை வெயில் மஞ்சளாகி, குளிர் பூட்ஸுக்குள் இறங்கி, காய்ந்த ஓக் இலைகள் ஒன்றையொன்று உரசிக் கிசுகிசுக்கும் வேளையில் அவன் தூரக்கண்ணாடியை எடுத்துத் தம்பியைப் பார்ப்பான். தொப்பி தெரியும். தாடி தெரியும். மடியில் வில். அவன் எத்தனை சீக்கிரம் வந்தாலும் கால்வின் அதற்கு முன்பே அங்கே இருந்தான். இருட்டி இவன் இறங்கும்போதும் இருந்தான். இருமவில்லை, சொறியவில்லை, காலை மாற்றிப் போடவில்லை. என்ன பொறுமை! தனக்கு அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்கிறது. அதையும் சேர்த்துப் பொறாமைப்பட்டான்.

இதைவிடக் கொடுமை, மான்கள் அவனைக் கண்டு மிரளவில்லை. மாலையில் சாம்பல் நிறத்தில் ஒவ்வொன்றாகக் காட்டிலிருந்து வழிந்து வந்து, கால்வினின் காலடியிலேயே மேய்ந்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அப்படித்தான். தனக்கு மட்டும் ஒரு மூச்சுக்கே சீறிக்கொண்டு ஓடும் ஜென்மங்கள்! நடுவில் ஒரு தடவை மட்டும், எல்லா மான்களும் ஒன்றாகத் தலை தூக்கும். கால்வினைப் பார்க்காது, டுவைட்டைப் பார்க்காது. காட்டைப் பார்க்கும். காது அசையாமல், வாய் மெல்லாமல். பிறகு உத்தரவு கிடைத்தது போலக் குனிந்து திரும்ப மேயும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி லொரெட்டா மூன்று தட்டு வைத்தாள். அவள் வைக்கும் கோழி நூடுல்ஸுக்காகக் கால்வின் ஒரு ஞாயிறும் தவறியதில்லை, இந்த மாதம் வரை.

"இன்னிக்கும் உன் தம்பிய காணோம்."

"வேட்டையில இருக்கான்."

"அவன் லாரியப் பாத்தேன். மேல இலை குமிஞ்சு கிடக்கு, டுவைட். போன மழையில ஒட்டுன இலை. கண்ணாடிகூடத் தெரியல."

"காட்டுக்கு நடந்து போறவனுக்கு லாரி எதுக்கு?"

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்."

"தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ராஜா மாதிரி உக்காந்திருக்கான். சுத்தி மான் காவல். உன் நூடுல்ஸா அவனுக்குப் பெருசு?"

லொரெட்டா மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். "உனக்கு மானும் பைத்தியம், தம்பியும் பைத்தியம். கைய ஆட்டுனா அவன் ஆட்ட மாட்டானா?"

ஒரு நாள் ஆட்டியிருந்தான். கால்வின் திருப்பி ஆட்டவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் உள்ளேயே வைத்துப் பொருமிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் டுவைட் தொடாக்காட்டுக்குள் போவதென்று கிளம்பினான். காற்று காட்டிலிருந்து ஓடைப் பக்கம் வீசியது. அவன் வாடை உள்ளே போகாது. பின்பக்கமாக நுழைந்து, படுத்த இடத்திலேயே பாதிரியாரை முடித்து, ஓடை வழியே இழுத்து வந்துவிட்டால், என் நிலத்தில் விழுந்தது என்று சொல்லிவிடலாம். தம்பி பரணில் வயலைப் பார்த்துக்கொண்டு இருப்பான். முதுகுக்குப் பின்னால் நடப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

ஓடைக்கு மேலே வேலி ஓரிடத்தில் தாழ்ந்திருந்தது. மேல் கம்பி நடுவில் அமுங்கி, முழங்கால் உயரத்துக்குத் தொங்கியது. கால்வின் அப்படிச் செய்வான். மான் தாண்ட வேண்டிய இடத்தில் கம்பியைத் தாழ்த்திவிட்டால் அது வேறு இடம் தேடாது, அம்புக்கு நேராக வரும். டுவைட்டுக்கு அது தெரியும். தெரிந்தும் வசதியாக இருக்கிறதே என்று அங்கேயே காலைத் தூக்கி வைத்தான்.

உள்ளே சத்தம் இல்லை. காடென்றால் எதுவாவது ஒன்று கொத்தும், கொறிக்கும், சரசரக்கும். இங்கே அவன் ஜாக்கெட் தையல் உரசுவதுதான் கேட்டது. வாடை மட்டும் இருந்தது. மக்கிய இலை வாடை, அழுகிய ஆப்பிள் வாடை, அதற்கு அடியில் மாட்டுக் கொட்டகையில் அடிப்பது போன்ற வெதுவெதுப்பான மூச்சு வாடை. தரையில் பாதை தெளிவாக இருந்தது. முள் விலக்கி, கிளை ஒதுக்கி, ஆள் உயரத்துக்கு இடம் விட்டிருந்தது. மானுக்கு இத்தனை உயரம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, அதைத் தள்ளிவிட்டு நடந்தான்.

மரங்கள் இருபுறமும் சாய்ந்து கிடந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, கூரை போட்டது போல. நவம்பர் கடைசியிலும் அவற்றில் பச்சை இலை இருந்தது. ஒரு மரத்தின் மடிப்பைத் தடவிப் பார்த்தான். ரம்பம் பட்ட அடையாளம் இல்லை, மரத்தூள் இல்லை. துணியைப் பிழிவது போல மரத்தை முறுக்கியிருந்தது. அடுத்த மரத்தின் மடிப்பு அவன் தூக்கிய கைக்கும் மேலே இருந்தது. தம்பி அந்த உயரத்துக்கு எப்படி ஏறினான்?

திரும்பிப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தான்.

அப்போதுதான் படுக்கைகளைப் பார்த்தான். புல்லை அழுத்தி மான்கள் படுத்து எழுந்த நீள்வட்டங்கள், பத்து, இருபது, அதற்கு மேலும். எல்லாம் வட்டமாக அமைந்திருந்தன. நடுவில் ஒன்று மட்டும் நீளம். இரண்டு ஆளை ஒருவர் காலடியில் ஒருவராகப் படுக்கவைத்த நீளம். தாயைச் சுற்றிக் குட்டிகள் படுப்பது போல அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் படுத்திருந்தது. டுவைட் கையுறையைக் கழற்றி, நடுவில் இருந்த புல்லைத் தொட்டான்.

சூடாக இருந்தது.

கையை எடுத்து பேண்ட்டில் துடைத்தான். போய்விடு, போய்விடு என்று உடம்பு சொன்னது. அந்த நேரம் பார்த்து எதிரே புதரில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. கொம்பு. கிளைத்துக் கிளைத்து, நாற்காலி முதுகு மாதிரி அகன்ற கொம்பு. பாதிரியார் அவனைப் பார்த்தார். ஓடவில்லை. திரும்பி மெதுவாக நடந்தார்.

பயம் எங்கே போனதோ! வில்லைத் தூக்கினான். குறுக்கே கிளை. நான்கு அடி வைத்தான். மானும் நான்கு அடி. நின்றான், மானும் நின்றது. இவனுக்காகக் காத்திருப்பது போல நின்றது. இந்த உலகத்தில் எந்தக் கொம்பனும் எந்த வேட்டைக்காரனுக்கும் அப்படிச் செய்யாது. அதெல்லாம் அவனுக்குத் தெரியும். கண் நிறையக் கொம்பு இருந்தது, வேறு எதற்கும் இடம் இல்லை.

மரங்கள் விலகி வெளிச்சம் வந்தது. எதிரே க்ளோவர் வயல், பச்சையாக, சாயும் சூரியனில். காட்டு விளிம்பில் கால்வினின் பரண், முதுகு காட்டி நின்றது. மேலே தம்பியின் தொப்பி. பாதிரியார் நேராகப் பரணுக்கு அடியில் போய் நின்று, விலாவைத் திருப்பி, தலையைக் குனிந்து மேய்ந்தார்.

கால்வின் எய்யவில்லை.

ஒரு குழந்தைகூட எய்துவிடும். காலடியில் நிற்கிறது! டுவைட்டுக்குக் கண் எரிந்தது. வேண்டாமென்று விடுகிறான். இவனிடம் அவ்வளவு இருக்கிறது, இதுவும் வேண்டாமாம். நான்கு வருஷம் நான் வளர்த்ததை, நான் பெயர் வைத்ததை, வேண்டாமென்று விடுகிறான். ஆத்திரத்தில் ஒளிந்திருக்கிறோம் என்பதே மறந்து வெளியே வந்தான்.

"எய்யேன்டா! யாருக்குக் காட்டுற பெருந்தன்மை? எய்யி!"

மான் ஓடவில்லை. மென்றபடி இருந்தது.

கால்வின் திரும்பவில்லை.

"கால்வின். டேய். தப்புதான், உன் காட்டுல நுழைஞ்சது தப்புதான். வாயத் தொறந்து ஏதாவது சொல்லு. திட்டு."

இன்னும் இரண்டடி முன்னால் போய் அண்ணாந்து பார்த்தான்.

ஜாக்கெட் முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை திறந்திருந்தது. உள்ளே இலை. காய்ந்த ஓக் இலை, பாசி, க்ளோவர். குருவிக்கூட்டைப் போலப் பொறுமையாக, அழகாக, இறுக்கி அடைத்திருந்தது. மரத்தோடு கட்டிய வார் அவனை நிமிர்த்திப் பிடித்திருந்தது. ஒரு காது தெரிந்தது. காதுக்குக் கீழே தாடி. தாடிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. காலருக்குள்ளிருந்து ஒரு சுண்டெலி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

மூன்று வாரம். மூன்று வாரம் இதைப் பார்த்து வயிறெரிந்தோம். இதற்குக் கை ஆட்டினோம். வேலி தாண்டி ஒருநாள் வந்திருந்தால். ஒரே ஒரு நாள்.

கத்த வாய் திறந்தான்.

பின்னால் இலை மிதிபட்டது. ஒன்று. பிறகு பல. திரும்ப முடியவில்லை. அவன் முழங்கையை உரசிக்கொண்டு ஒரு பெட்டை மான் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் இன்னொன்று. குட்டி ஒன்று. ஈர மூக்கு அவன் வெறுங்கையில் பட்டுச் சென்றது. ஒன்றும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வயலில் இறங்கின. மேயவில்லை. இருபது, முப்பது, நாற்பது, வரிசையாக, க்ளோவரை மிதித்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போயின. பாதிரியாரும் தலையைத் தூக்கி அவற்றோடு சேர்ந்து நடந்தார். வேலியைத் தாண்டின. அண்ணன் நிலத்துக்குள்.

அவனுடைய பரணை நோக்கி.

சிவந்த வானத்தில் ஆஷ் மரம் கறுப்பாகத் தெரிந்தது. அதன் மேல் பரண். பரணில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு நேராக. முழங்கால்கள் தலைக்கு மேலே மடங்கி.

மான்கள் மரத்தைச் சுற்றி நின்றன. அவன் மரத்தை. பாதிரியார் நடுவில் போய்க் கழுத்தை நீட்டினார். மேலே இருந்தது குனியவில்லை. கையை மட்டும் கீழே விட்டது. கை இறங்கியது, ஏணியின் உயரம் முழுக்க இறங்கியது, இன்னும் இறங்கி, அந்த வெள்ளைப் பட்டையை மெதுவாகத் தடவிக்கொடுத்தது. பாதிரியார் அந்தக் கையில் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரத்திலும், தம்பியின் காலடியில் நின்றுகொண்டு, டுவைட்டின் வயிறு எரிந்தது.

பிறகு மான்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தன. இரண்டு பக்கமும் ஒதுங்கி, வயலின் குறுக்கே அவன் நின்ற இடம் வரைக்கும் நேராக வழி விட்டன. பரணில் இருந்தது ஏணியைத் தொடாமலே இறங்கத் தொடங்கியது.